நான்காம் நரம்பு என்று எழுதியிருந்தாய்

கூடலூர்
8.3.1998

அனுசுயாவுக்கு,

அண்ணன் கர்ணன் எழுதுவது. நலம், நலமறிய அவா என்றெல்லாம் எழுத மனம் வரவில்லை. அப்பா போய் ஐந்து மாதமாகிறது. நான் மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன்னே, அவர் கண்ணிரண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொள்ளி வைத்தவன் நான். அன்றைக்கு உன்னோடு பேச்சை விட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இது வேறு விஷயம். டாக்டருக்குப் படிக்கிற ஆள் என்று எனக்குத் தெரிந்தது நீ ஒருத்திதான். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றாலும் எனக்கு வேறு கதி இல்லை.

பத்து நாளாகக் கண்ணில் ஒரு கோளாறு. காலையில் ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறும்போது ஒன்றுமில்லை. சாயங்காலம் இறங்கும்போது பானெட்டுக்கு முன்னால் ரோடு இரண்டாகிவிடுகிறது. ஒன்று மேலே, ஒன்று கீழே. தலையை வலது பக்கம் சாய்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இடது கண்ணுக்கு மேலே, புருவத்துக்குள்ளே ஒரு வலி. தை மாதம் தார்ப்பாய் மாற்றும்போது கம்பியில் தலை இடித்தது, வேறொன்றும் இல்லை.

என் வண்டியில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் பன்னிரண்டு பேர், எல்லாரும் பெண்கள். டிரைவருக்கு ரோடு ரெண்டாகத் தெரிகிறது என்று ஒருத்திக்குத் தெரிந்தால் மறுநாள் வண்டி காலியாகத்தான் நிற்கும். உன் மதினி ராமுத்தாயிடம் சொன்னால் அம்மாவிடம் போகும். அம்மாவிடம் போனால் தெருவுக்கே போகும். போன் பூத்தில் பேசினால் கடைக்காரன் காது நம் பக்கம்தான் இருக்கும். அதனால்தான் கடிதம். என்னவென்று எழுது. யாரிடமும் சொல்லாதே.

கர்ணன்


மதுரை, மாணவியர் விடுதி
13.3.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அழுதுவிட்டேன். திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் எழுதினீர்களே.

பயப்படாதீர்கள். போன வாரம்தான் நடுமூளையை எங்கள் மேசையில் வைத்துப் படித்தோம். அவ்வளவு பெரிய தலைக்குள் அது உங்கள் கட்டைவிரல் நுனி அளவுகூட வராது. கண்ணை அசைப்பது கண் இல்லை அண்ணா. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்து இழுக்கின்றன. அவற்றுக்கு உத்தரவு கொண்டுவருவது மூன்று நரம்புகள். அதில் மூன்றாம் நரம்பும் நான்காம் நரம்பும் நடுமூளையிலிருந்து கிளம்புகின்றன, ஆறாவது அதற்குக் கீழேயிருந்து.

உங்கள் தொந்தரவு நான்காம் நரம்பு. மற்ற எல்லா நரம்பும் முன்பக்கமாக வெளியே வரும்போது இது ஒன்று மட்டும் முதுகுப் பக்கமாக வெளியேறி, வலமிருந்து இடமாக மாறி, நடுமூளையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது. இருப்பதிலேயே மெல்லியது, சுற்றுவழியில் வருவது. அதனால் தலையில் அடிபட்டால் சட்டென்று பாதிக்கப்படும். கண்ணைக் கீழ்நோக்கி இழுக்கிற ஒரு தசைக்கு அதுதான் நரம்பு. படி இறங்கும்போதும் மலை இறங்கும்போதும் மேலும் கீழுமாக இரண்டு தெரியும். தலையைச் சாய்த்தால் சரியாகும். உங்கள் கடிதத்தைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி பொருந்தியது. வகுப்பில் யாருக்கும் இப்படி ஒரு நோயாளி கிடைத்திருக்க மாட்டார்!

மூன்று மாதத்தில் தானாகவே சரியாகிவிடும். அதுவரை ஓட்டாமல் இருந்தால் நல்லது. ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் இடது கண்ணை மறைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். ஒரு கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

அப்பா விஷயம். கேட்டிருந்தால் நீங்கள் சம்மதித்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்தது. இதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் தங்கை
அனுசுயா


கூடலூர்
3.5.1998

அன்புள்ள தங்கச்சி அனுசுயாவுக்கு,

ஏழு வாரமாகக் கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நல்ல சேதியோடு எழுதலாம் என்றிருந்தேன். இப்போது வந்துவிட்டது.

நீ சொன்னபடியே செய்தேன். கம்பத்தில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி, இடது கண்ணாடிக்கு உள்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டிவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வண்டியில் வருகிற பெண்கள், "என்ன டிரைவரே, பொண்ணு பாக்கப் போறீகளா?" என்று கேலி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடுவில் ஒரு சின்னச் சங்கடம். சித்திரை பிறந்த மறுவாரம், லோயர் கேம்ப்புக்கு மேலே சிறு பாலத்தில் இடது பக்கச் சுவர் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று மட்டுக் கிடைக்கவில்லை. வண்டி உரசிவிட்டது. ஓரத்தில் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்த அக்கம்மாளுக்கு வலது முழங்கையில் எலும்பு முறிவு. தேனியில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. நான் குடித்திருந்தேன் என்று பேச்சு. உனக்குத்தான் தெரியுமே, நான் தொட்டதில்லை. பேசினால் பேசட்டும், வாயை மூடிக்கொண்டேன்.

சேதி இதுதான். போன வாரம் காலையில் முகம் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், ஒரே ஒரு ரோடு! கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் ஒன்றுதான். கீழே பார்த்தாலும் ஒன்று, மேலே பார்த்தாலும் ஒன்று. மூன்று மாதம் என்றாய், இரண்டே மாதத்தில் சரியாகிவிட்டது. இடது ரெப்பை மட்டும் சோம்பேறித்தனமாக மூடியே கிடக்கிறது. வலி கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. அதுவும் போய்விடும்.

கண் எரிச்சல் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா வீரபாண்டி கௌமாரிக்கு ஆயிரங்கண் பானை எடுப்பதாக நேர்ந்துகொண்டது. உடம்பெல்லாம் துளை போட்ட அந்த மண்பானையை வெள்ளிக்கிழமை நானே தலையில் சுமக்கிறேன். ஒரு பாதி உன் படிப்பு, ஒரு பாதி ஆத்தா என்று வைத்துக்கொள்.

அப்பா விஷயத்தில் நானும் அதிகமாகப் பேசிவிட்டேன். அந்த இரண்டு பேரும் எங்கேயோ நடமாடுவார்கள்தானே. திருவிழாவுக்கு வா. ராட்டினம் எல்லாம் போட்டிருக்கிறார்கள்.

அண்ணன்
கர்ணன்


மதுரை
7.5.1998

அண்ணா,

ஜீப்பை எடுக்காதீர்கள். இந்த வரியைப் படித்ததும் சாவியை மதினியிடம் கொடுத்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

உங்கள் கண் சரியாகவில்லை. இரண்டாகத் தெரிவது நின்றதற்குக் காரணம், இடது கண்ணின் மேல் இமை விழுந்து மூடிவிட்டதுதான். மூடிய கண்ணுக்கு இரண்டேது? கறுப்புக் காகிதம் செய்த வேலையை இப்போது உங்கள் இமையே செய்கிறது. அந்த இமையைத் தூக்கிப் பிடிப்பது மூன்றாம் நரம்பு. இப்போது அந்த நரம்பும் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். விரலால் இமையைத் தூக்குங்கள். இரண்டு கண் பாப்பாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடது பாப்பா பெரிதாக விரிந்திருக்கிறதா? டார்ச் அடித்தால் சுருங்குகிறதா? கண் வெளிப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறதா? பாப்பாவைச் சுருக்குகிற இழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. வெளியிலிருந்து ஏதாவது நரம்பை அழுத்தினால் முதலில் நசுங்குவது அவைதான். பாப்பா விரிந்திருந்தால் தலைக்குள் ஏதோ அழுத்துகிறது என்று அர்த்தம். அதை உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரை விடுதியில் அனுமதி கிடைக்காது. திங்கள் விடியற்காலை அங்கே இருப்பேன். அதற்குள் நீங்களே மதுரைக்கு வந்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அனுசுயா


கூடலூர்
14.5.1998

அனுசுயாவுக்கு,

நீ சொல்லிவிட்டுப் போனது போல நான் மதுரைக்கு வரவில்லை. வரப்போவதுமில்லை.

திங்கட்கிழமை காலை ஜீப் ஸ்டாண்டில் நீ ஆடிய ஆட்டத்தை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். வண்டியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் என் கண்ணாடியைப் பிடுங்கினாய். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் என் ரெப்பையைத் தூக்கினாய். "பாருங்க, கண்ணுப் பாப்பா எம்புட்டுப் பெருசா இருக்குனு. ரெண்டு மாசமா ஒத்தக் கண்ணோடதான் உங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக. யாரும் ஏறாதீக!" என்று கத்தினாய்.

நீ கத்தியது சரிதான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. நான் கண்ணாடியில் பார்த்திருந்தேன். பாப்பா பெரிதாகத்தான் இருந்தது. பானை எடுத்த அன்று வீரபாண்டி ஆற்றங்கரையில் படியைத் தவறவிட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவன் நான். எனக்குத் தெரியாதா?

அப்புறம் கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "அப்ப அக்கம்மா கைய ஒடிச்சது குடியில்ல, ஒத்தக் கண்ணா? ஏன்யா, கண்ணக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டலாம்னு எந்த மடையன் சொன்னான்?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

நான்காம் நரம்பு என்று எழுதியிருந்தாய். மூன்று மாதத்தில் சரியாகும் என்று எழுதியிருந்தாய். இடது கண்ணை மறைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. குடிகாரன் என்று ஊர் சொன்னபோதும் அதை நான் எடுத்துக் காட்டவில்லை. படிக்கிற பிள்ளை பெயர் கெடும் என்று இருந்தேன். நீ ஒரு வார்த்தை, "நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வார்த்தை, சொல்லியிருக்கலாம்.

அப்பா கண்ணையும் இப்படித்தான் எடுத்தாய். அடுத்தவர் உடம்பு உனக்குப் பாடம். கேட்கவும் மாட்டாய், தப்பானால் ஒப்புக்கொள்ளவும் மாட்டாய். அம்மா தினமும் அழுகிறது. அழட்டும். என் கண் எங்கே போகிறதோ போகட்டும்.

கர்ணன்


மதுரை
17.5.1998

அண்ணா,

நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஸ்டாண்டில் சொல்லியிருக்க வேண்டியதை ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். ஏழாம் தேதிக் கடிதத்திலும் மழுப்பினேன். 'இப்போது அந்த நரம்பும் சேர்ந்துகொண்டது' என்று எழுதினேனே, அது பொய். முதலிலிருந்தே மூன்றாம் நரம்புதான். கண்ணை அசைக்கிற ஆறு தசைகளில் நான்கு அதன் பொறுப்பில் இருக்கின்றன. அந்த நான்கில் ஒன்று மட்டும் முதலில் சோர்ந்திருக்கிறது, அதனால் நான்காம் நரம்பு மாதிரி தெரிந்திருக்கிறது. அனுபவமுள்ளவர் நேரில் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். நீங்கள் முதல் கடிதத்திலேயே புருவத்துக்குள் வலி என்று எழுதியிருந்தீர்கள். புத்தகத்தில் நான்காம் நரம்புக்கு அப்படி வலி போட்டிருக்கவில்லை. பொருந்தாத அந்த ஒரு வரியை நான் படித்துவிட்டுத் தாண்டிப் போனேன். மற்ற எல்லாம் பொருந்தியதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு சீனியரிடம்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் கண்டுபிடித்ததாக ஆகிவிடும் என்று நினைத்தேன். அக்கம்மாளின் கையை ஒடித்தது அந்த நினைப்பு.

இப்போது கேட்டுவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லி, நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னதைச் சொல்கிறேன். மூன்றாம் நரம்பு நடுமூளையை விட்டு வெளியே வந்ததும் இரண்டு ரத்தக்குழாய்களுக்கு நடுவே நுழைந்து, இன்னொரு குழாயை ஒட்டியே முன்னால் போகிறது. அந்தக் குழாயின் சுவரில் ஓரிடம் மெலிந்து புடைத்துக்கொண்டு நரம்பை நெருக்கலாம். டயரில் புடைப்பு வந்தால் அந்த வண்டியை நீங்கள் மலைக்கு எடுப்பீர்களா? எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாதல்லவா? தலைக்குள் வெடித்தால் பெரும்பாலும் ஆள் தப்புவதில்லை. வேறு காரணமும் இருக்கலாம். எதுவென்று எனக்குத் தெரியாது. பார்த்தால்தான் தெரியும்.

அப்பா கண்ணைக் கொடுத்தது தப்பென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. உங்களைக் கேட்காதது தப்பு. நீங்கள் வந்து சேர இரண்டு மணி நேரம் இருந்தது, டாக்டர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

இந்தத் தடவை கேட்கிறேன். உங்கள் தலை, உங்கள் முடிவு. வருவீர்களா அண்ணா?

அனுசுயா


கூடலூர்
21.5.1998

அனுசுயாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டயர் புரிந்தது.

என்னிடம் ஒப்புக்கொண்டாய், சரி. கை ஒடிந்தது எனக்கில்லை. நான் போய்ச் சொன்னால், தப்பிக்க வழியில்லாமல் தங்கச்சி மேல் பழியைப் போடுகிறான் என்பார்கள். நீ அக்கம்மாள் வீட்டுக்குப் போய் உன் வாயால் சொல். சொன்ன அன்றைக்கே நான் மதுரை பஸ் ஏறுகிறேன்.

நேற்று முழுக்கத் தலைவலி. வாந்தி எடுத்தேன். ராமுத்தாய்க்கு எல்லாம் தெரிந்துவிட்டது, சாவி அவளிடம்தான் இருக்கிறது. சீக்கிரம் வா.

கர்ணன்


கூடலூர் பஸ் ஸ்டாண்ட்
23.5.1998, பகல் ஒரு மணி

அண்ணா,

உங்கள் வாசல் வரை வந்தேன். உள்ளே வராமல் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டேன். இதை எழுதி மதினியைக் கூப்பிட்டனுப்பிக் கொடுக்கிறேன்.

அக்கம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவள் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். கடிதத்தில் என்ன எழுதினேன் என்று வரி வரியாகச் சொன்னேன். அவள் ஒரு கையால் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நீ சொன்னேன்னு அவரு ஓட்டுனாரு. அவரு ஓட்டுனாருன்னு நான் ஏறுனேன். இப்ப இந்தக் கைய நான் யாருகிட்டப் போயிக் கேக்க?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு கட்டுப் பிரித்த கையை நீட்டினாள். முழங்கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. "டாக்டருக்குத்தான படிக்கிற. இது மடங்குமா, மடங்காதா?" என்று கேட்டாள். எனக்கு அந்த மூட்டின் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் பெயர் சொல்லத் தெரியும். தெரியாது என்று சொன்னேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தது. செவ்வாய்க்கிழமை அவளை மதுரைக்குக் கூட்டிப்போய் எலும்பு டாக்டரிடம் காட்டச் சம்மதம் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

மதுரை பஸ் இரண்டே முக்காலுக்கு. வலது பக்கம் மூன்றாவது சீட்டில் துண்டு போட்டு வைத்திருப்பேன்.

அனுசுயா


கூடலூர்
19.8.1998

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், வரி மேல் வரி ஏறியிருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

மதுரையில் ஸ்கேன் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு அனுப்பினார்களே, அந்தச் சென்னையிலிருந்து வந்து பத்து நாளாகிறது. நீ பரீட்சையை விட்டுவிட்டு மறுபடியும் வந்து நிற்க வேண்டாம் என்றுதான் உடனே எழுதவில்லை. தலையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கிறது, அரிப்புத் தாங்கவில்லை. புடைப்பின் கழுத்தில் ஒரு சின்னக் கிளிப் மாட்டியிருக்கிறார்களாம். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். உன் மதினி அவரை மேலே பேசவிடவில்லை.

இடது ரெப்பை முக்கால்வாசி திறந்துவிட்டது. திறந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? எல்லாம் மறுபடியும் ரெண்டு! அம்மா சாமியாட்டம் ஆடாத குறை. நான் மட்டும் சிரித்தேன். நரம்பு உயிர் பிடித்து வருகிறது, கண் ஒழுங்காக அசைய இன்னும் நாளாகும் என்று சென்னையிலேயே சொல்லியனுப்பினார்கள். ஆறு மாதம் வண்டி தொடக்கூடாது என்றார்கள். மலைக்கு ஆள் ஏற்றுவதை நான் இனிமேல் ஒருநாளும் செய்யப் போவதில்லை. அந்தப் பாலத்தின் பக்கமே நான் போவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நேற்று அக்கம்மாள் வீட்டுக்குப் போனேன். நீ காட்டிய எலும்பு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாளாம். கை கொஞ்சம் கூடுதலாக மடங்குகிறது, முழுக்க மடங்காது என்றும் சொல்லிவிட்டாராம். இனிமேல் ஏலக்காய் பறிக்க முடியாது. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று போனேன், கையைப் பற்றித்தான் விசாரித்தேன். அவளே காபி கொடுத்தாள், இடது கையால்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "ஏப்பா, ஒந் தங்கச்சி படிச்சு முடிச்சு இங்கன வந்து எங்களத் தொட்டுப் பாத்து வைத்தியம் பண்ணுமா? இல்ல, மதுரையில உக்காந்துக்கிட்டு லெட்டர்லயே பண்ணுமா?"

கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்து தங்கச்சியே சொல்லும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு நீ என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று தெரியாது. எதுவானாலும் கடிதத்தில் எழுதாதே.

அண்ணன்
கர்ணன்